ஐந்தாம் மாதத்து ஜாதிக்காய்

அன்புள்ள மங்கை,

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனாய் என்ற கோபத்தில் மூன்று மாதம் எழுதாமல் இருந்தேன். அந்தக் கணக்கை நேரில் தீர்த்துக்கொள்வோம். உன் அண்ணனின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி நலம்.

மாலதி முழுகாமல் இருக்கிறாள். 41 வயதில், நாம் எத்தனையோ ஆண்டு வேண்டிக்கொண்ட செய்தி இது. ஆனால் "அம்மாவின் வயதுதான் முட்டைக்கும்" என்று மருத்துவர் சொன்ன ஒரு வரி என் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது.

நான் வகுப்பில் நடத்திய பாடம்தான் அது. பெண்சிசு கருவில் ஐந்து மாதமாக இருக்கும்போதே அதன் சூலகத்தில் அறுபது எழுபது லட்சம் முட்டை உயிரணுக்கள் உருவாகிவிடுகின்றன; பிறக்கும்போது பத்து இருபது லட்சமே எஞ்சுகின்றன; அவையும் தம் உயிரணுப் பிளவைப் பாதியில் நிறுத்திவிட்டு, முறை வரும்வரை காத்திருக்கின்றன. அப்படியானால் 1983இல், ஐந்தாம் மாதத்திலும் மசக்கை தீராத எனக்கு நீ பாலிக் புலாவிலிருந்து ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கி வந்தாயே, அன்றைக்கே இந்தப் பேரக்குழந்தையின் பாதி, என் வயிற்றில் இருந்த மகளின் வயிற்றில் இருந்திருக்கிறது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, மங்கை.

அச்சமும் அங்கிருந்துதான் வருகிறது. நாற்பது ஆண்டுக் காத்திருப்பில், மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கொஹீசின் என்னும் புரதம் தளர்கிறது. பிளவு மீண்டும் தொடங்கும்போது அவை சரியாகப் பிரியாமல் போக நேர்கிறது. 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்தால், குழந்தையின் வளர்ச்சியையும் கற்றலையும் பாதிக்கும் டவுன் சிண்ட்ரோம். இருபத்தைந்து வயதுத் தாய்மாரிடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிறப்புகளில் ஒன்றாக இருப்பது, நாற்பதில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றாகிறது. மற்ற தொண்ணூற்றொன்பதை நினை என்பாய். மனம் அந்த ஒன்றிலேயே போய் நிற்கிறது.

ஆனாலும் இத்தனை பழைய முட்டையிலிருந்து வரும் குழந்தை நாற்பது வயதோடு பிறப்பதில்லையே! 2021இல் ஹார்வர்டின் கிளாடிஷேவ் குழுவினர், டிஎன்ஏ மீது படியும் மெத்தில் என்னும் வேதிக் குறிகளைக் கொண்டு எலிக்கருக்களின் வயதைக் கணித்தார்கள். கருவுற்ற பின் அந்த வயது இறங்கிக்கொண்டே வந்து, உடலின் அடுக்குகள் பிரியும் ஏழாம் நாளை ஒட்டி அடிமட்டத்தைத் தொட்டு, அதன் பிறகே ஏறத் தொடங்குகிறது. முதுமை கருப்பையிலேயே தொடங்கிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. எனக்கோ, அதற்கு முந்தைய அந்தச் சில நாள்களில் முட்டையின் ஆண்டுகள் துடைக்கப்படுவதுதான் பெரும் அதிசயமாகத் தெரிகிறது. குரோமோசோம் எண்ணிக்கையில் நேர்ந்த பிழையை மட்டும் அந்தத் துடைப்பு நீக்குவதில்லை.

அந்தப் பிழை உண்டா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையின் முடிவு வியாழக்கிழமை வருகிறது. நீ புதனன்றே பட்டர்வொர்த்துக்கு ரயிலேறிவிடு. படகுத்துறையில் நான் நிற்பேன். அத்தை வருவார்களா என்று மாலதி நேற்றும் கேட்டாள்.

அன்புடன்,
செல்வி