முதலில் சேற்றைச் சோதி

எண்ணூர்

அன்புள்ள கயல்,

அந்தப் பழைய மில் அணையை எடுக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது, கண்ணு. எல்லோர் கண்ணும் கான்கிரீட் மேலேதான் இருக்கும். நீ அதன் பின்னால் படிந்திருக்கும் சேற்றைப் பார்.

அணை கட்டுவதற்கு முந்தைய வரைபடத்தில் உள்ள ஆழத்திலிருந்து இப்போதைய ஆழத்தைக் கழித்தால் வண்டல் எவ்வளவு என்று தெரியும். அதோடு விடாதே. பழைய ஆற்றுத்தரை தட்டும் வரை குழாய் இறக்கி மாதிரி எடுத்து, அடுக்கு அடுக்காகச் சோதிக்கச் சொல். மேல் சேறு சுத்தமாக இருந்தாலும் மில் ஓடிய காலத்து விஷம் அடியில் இருக்கலாம். அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றில் 1973-ல் ஃபோர்ட் எட்வர்ட் அணையை எடுத்தபோது, பிசிபி என்ற நச்சு ஆலை ரசாயனம் கலந்த சேறு ஆற்றோடு போனது. அந்த ஆற்றில் பிசிபி சேற்றை 2009-லிருந்து 2015 வரை வாரினார்கள். நம் கொசஸ்தலையில் படிந்த அனல்மின் சாம்பலும் அப்படித்தான். கிளறினால் இறால் பிடிப்பவர்கள் காலடிக்குத்தான் வரும்.

நீர்மட்டத்தை மெதுவாக இறக்குங்கள். தாங்கி நின்ற தண்ணீர் சட்டென்று போனால், மண்ணுக்குள் ஊறிய நீர் வடிய நேரமிருக்காது, கரை சரியும். அமெரிக்காவிலேயே எல்வா ஆற்றின் 64 மீட்டர் உயர அணையை உச்சியிலிருந்து கொஞ்சம் வெட்டி, நிறுத்தி, வண்டலை நகரவிட்டு, பிறகு அடுத்த வெட்டு என்று இறக்கினார்கள். மீன் ஏறும் காலத்தில் வேலை கிடையாது. அப்படியும் 2012 கடைசியில் இலைதழையும் சேறும் கீழே இருந்த நீரெடுப்பு நிலையத்தை அடைக்க, ஏறத்தாழ ஒரு வருடம் வேலை நின்றது. 2014 ஆகஸ்டில்தான் முடிந்தது. உங்கள் அணைக்குக் கீழே யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று இப்போதே விசாரி. அணைக்கு மேல்புறம் ஆற்றில் பாலமோ குழாயோ இருந்தால் அதையும் பார்; அணை போனதும் ஆறு தன் தரையைப் பின்னோக்கி அரித்துக்கொண்டே போகும், அஸ்திவாரம் வெளியே வந்துவிடும்.

எல்வாவில் இறங்கிய மணல் முகத்துவாரத்தில் புதுக் கரையே போட்டது. துறைமுகச் சுவர் மணலை மறித்து, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் தின்றதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பூண்டி நீர்த்தேக்க அணையையும் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. 1944-ல் கட்டியது, இன்றும் ஊருக்குக் குடிநீர் தருகிறது. உபயோகமில்லாமல் ஆற்றை மறித்து நிற்பதைத்தான் எடுக்க வேண்டும். உங்கள் மில் அணை அந்த ரகம்.

சோதனை முடிவு வந்ததும் ஆர்செனிக், பாதரசம், ஈயம், பிசிபி எவ்வளவு என்று அடுக்குவாரியாக எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா