காலி டப்பா

மச்சான்,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் நலம். உன் முட்டி வலி தேவலையா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஆணுறை கிழிந்துவிட்டது. சிரிக்காதே. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன், அவசரத்தில் கைக்குக் கிடைத்த எண்ணெயைத் தடவித் தொலைத்தேன். எண்ணெய் பட்டால் ரப்பர் இற்றுப்போகும், தண்ணீர்ப் பசையுள்ள ஜெல்தான் வேண்டும் என்று குட்டையனுக்கு நூறு தடவை சொன்னவனும் நான்தான். அவன் காதில் மட்டும் போட்டுவிடாதே.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடிந்ததும் மருத்துவரிடம் ஓடினேன். எச்.ஐ.வி உடம்பில் தொற்றிக்கொள்ளாமல் தடுக்கிற பெப் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "மனைவியா, வேறு பெண்ணா?" என்றார். "ஆண்" என்றேன். பேனா நின்றது. ஒரு நொடிதான், அப்புறம் எழுதினார். அந்த ஒரு நொடிக்குப் பயந்துதான் நம்மில் பாதிப் பேர் அந்தப் பக்கமே போவதில்லை. 28 நாள், இரவு ஒன்பதுக்கு அலாரம். முதல் வாரம் குமட்டலோ குமட்டல். நேற்று கடைசி மாத்திரை. காலி டப்பாவை இரண்டு தடவை குலுக்கிப் பார்த்தேன்.

இனி தினமும் ப்ரெப், அதாவது எச்.ஐ.வி வராமல் முன்கூட்டியே காக்கும் மாத்திரை, எடுக்கலாம் என்றிருக்கிறேன். எச்.ஐ.வி இல்லை என்று உறுதியானால்தான் தருவார்கள். ஆனால் அது மேகநோய் மாதிரி மற்ற பால்வினை நோய்களைத் தடுக்காது, அதனால் ஆணுறைக்கு விடுதலை இல்லை.

இப்போது உன் கதை. "நான் ஒருத்தனோடு மட்டும்தானே" என்கிறாய். அந்த ஒருத்தன் சோதித்துப் பார்த்திருக்கிறானா? நீ கேட்டதில்லை, அவனும் உன்னைக் கேட்டதில்லை. பெரியவர் வீட்டில் அன்றைக்கு டீ டம்ளரைத் தொடாமல் தள்ளி வைத்தாயே, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டம்ளரில் எச்.ஐ.வி ஒட்டாது. அதைவிட, அவர் வருடக்கணக்காக ஒரு வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தத்தில் வைரஸ் பரிசோதனைக்கே சிக்காத அளவு. அவரோடு படுத்தால்கூட அது பரவாது. தெரிந்து மருந்து சாப்பிடுகிறவரிடம் உனக்குப் பயம். தன் நிலைமை தெரியாதவனிடம் பயமில்லை. என்ன கணக்கு மச்சான் இது?

தங்கச்சிக்கு இது எதுவும் தெரியாது. அதைச் சொல்லி உன்னை மிரட்ட நான் ஆளில்லை. ஆனால் அவளுக்கும் சேர்த்துத்தான் உன் ரத்தம் பதில் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை எனக்குப் பரிசோதனை, மூன்றாம் மாத முடிவில் இன்னொன்று. காலை ஏழு மணிக்கு உன் தெருமுனையில் வண்டியோடு நிற்பேன். ஊசியைப் பார்த்து நீ மயங்கி விழுந்தால் இந்தத் தடவை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

உன்
மச்சான்