பொலிகாளை வாங்க இன்னும் 8,550 வெள்ளி வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

நம் கோயில் மாட்டுக் கொட்டகைக்காகக் கெடா மாநிலத்தில் ஒரு பொலிகாளையை, அதாவது பசுக்களைச் சினைப்படுத்தும் காளையைப் பேசி முடித்து, 2,000 வெள்ளி (ரிங்கிட்) முன்பணமும் கொடுத்திருக்கிறோம். செப்டம்பர் 30ஆம் தேதிக்குள் மீதியைக் கட்ட வேண்டும். காளைக்காரர் நமக்காக ஏற்கெனவே ஒரு தவணை பொறுத்துவிட்டார். மறுபடியும் போய்க் கேட்க நமக்கு முகமில்லை.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காளை 7,500 வெள்ளி. ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுவர அனுமதி, லோரி வாடகை எல்லாம் சேர்த்து 1,400. கொட்டகைக்குப் புதுத் தகரமும் சிமெண்டுத் தரையும் 6,800. நுகத்தடி, வண்டிச் சக்கரம் 2,100. ஒரு வருடத் தீவனமும் மாட்டு டாக்டர் செலவும் 3,600. ஆக மொத்தம் 21,400 வெள்ளி. இதுவரை வந்தது 12,850. முன்பணம் கொடுத்ததும் இதிலிருந்துதான். துண்டு விழுவது 8,550.

இருக்கிற காளைக்கு என்ன குறை என்று சிலர் கேட்டார்கள். அது நல்ல காளைதான். ஆனால் நம்மிடம் வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. வந்த புதிதில் சினையான பசு ஒன்பது மாதம் பத்து நாளில் கன்று போடும். அது கிடாரியாக (பெண் கன்றாக) இருந்தால் இரண்டரை வயதில் பருவத்துக்கு வந்துவிடும். அப்புறம் தகப்பனையே மகளுக்குச் சேர்க்கிற நிலைமை. இப்படி நெருங்கிய ரத்தம் கலந்தால் மந்தை மெலியும், சினை தங்காது, கன்று நோஞ்சானாகப் பிறக்கும். இந்த வருடம் பிறந்த கன்றுகளில் இரண்டு, எழுந்து கால் ஊன்றவே சிரமப்பட்டதைக் கொட்டகைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

காளை இல்லாமல் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டால் போதாதா என்றும் கேட்கிறார்கள். ஊசியில் எளிதாகக் கிடைப்பது பாலுக்கும் இறைச்சிக்கும் தேர்ந்தெடுத்த இனங்கள். நமக்கு வேண்டியது வேலை மாடு. வெயில் தாங்க வேண்டும், குளம்பு உறுதியாக இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குணம் வேண்டும். உறுமி முழங்க, பிள்ளைகள் காலடியில் ஓட, அம்மன் ரதத்தை இழுத்துக்கொண்டு போகிற மாடு மிரண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் செயற்குழுவினர் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு கெடாவுக்குப் போனார்கள். நாலு பல் போட்ட, அதாவது ஏறக்குறைய மூன்று வயதுக் காளை. கருங்குளம்பு, பிளவு நன்றாக இறுகியிருக்கிறது. நடக்கவிட்டுப் பார்த்தபோது முன்னங்கால் பதிந்த தடத்திலேயே பின்னங்கால் விழுந்தது. நம் பெரியவர் ஒருவர் திமிலுக்கு முன்னால், நுகம் உட்காரும் இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். காளை கழுத்தைச் சிலுப்பவில்லை. பிறகு அதன் தாயைப் பார்க்க வேண்டும் என்றார். முன்பின் தெரியாத அவர் போய் மடியைத் தொட்டபோது, அந்தப் பசு தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி அசைபோட ஆரம்பித்தது. சாதுக் குணத்தில் ஒரு பங்கு பிறப்பில் வருவது, மீதி நாம் பழக்குவது. உடம்பில் மயிர்ச் சுழி பார்த்து ராசி சொல்கிறவர்களுக்கும் இதில் குறை தெரியவில்லை.

பழக்குகிற வேலைக்கு நம்மிடம் ஆள் இருக்கிறது. பொலிகாளைக்குப் பிறந்து, வேலைக்காகக் காயடித்த இளங்காளையை மூன்று வயதுவாக்கில் வயதான எருதோடு சேர்த்து வெறும் நுகத்தில் நடத்துவார்கள். அடுத்து கட்டை இழுக்க வைத்து, கடைசியில்தான் வண்டியில் பூட்டுவார்கள். இது தெரிந்தவர்கள் இப்போது விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்கள் இருக்கும்போதே நம் இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

நம் முன்னோர் கங்காணிமார் பின்னால் கப்பலேறி வந்தபோது கையில் பெரிதாக எதுவும் இல்லை. மாடு வளர்க்கிற அறிவு இருந்தது. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் கொட்டாய் போட்டு, பால்மர (ரப்பர்) நிழலில் மேய்த்தார்கள். விறகும் தண்ணீரும் பாலும் வண்டியில்தான் வந்தன. நாட்டு மாட்டோடு கலந்து, இந்த மண்ணின் உண்ணிக்கும் மழைக்கும் பழகிய மந்தை அது. தோட்டங்கள் கைமாறி நாம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்தபோது கட்டிவைக்க இடமில்லாமல் மாடுகளை விற்றோம். மிஞ்சிய சிலதைப் பெரியவர்கள் கோயில் நிலத்தில் கட்டினார்கள். இன்று இருப்பது அதன் வழித்தோன்றல்தான். பினாங்கில் 1894இல் வந்த வெள்ளி ரதத்தைத் தைப்பூசத்தில் காளைகள் இழுப்பதைப் பார்த்துப் பெருமைப்படுகிறோமே, நம் ஊர்த் திருவிழாவிலும் அந்தப் பெருமை இருக்கிறது.

திருவிழாவுக்கு மட்டுமா? நம்மவர்கள் பலருக்கு இரண்டு மூன்று ஏக்கர் செம்பனை இருக்கிறது, அதுவும் பள்ளத்தில். மழை பெய்தால் லோரி புதையும். கனத்த டயர் ஏறிய இடத்தில் மண் இறுகி வேர் மூச்சுத் திணறும். வெட்டிய குலை மறுநாளைக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், விலையும் குறையும். இருபது கிலோ குலைகளைத் தள்ளுவண்டியில் வைத்து அறுபது வயதுக்காரர் சேற்றில் தள்ளுவதைவிட, ஒரு ஜோடி எருது இருந்தால் எவ்வளவு நிம்மதி!

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! 2021இல் தோல் கழலை நோய் தீபகற்பம் முழுவதும் பரவியபோது, கொட்டகைக்கு மருந்தும் கொசுவலையும் வாங்கிக் கொடுத்து இரவில் மாறி மாறிக் காவலிருந்த தம்பிகளை மறக்க முடியாது. வடையும் தோசையும் சுட்டு விற்று 1,340 வெள்ளியை ஒரு காசு குறையாமல் கொண்டுவந்து வைத்த மாதர் குழுவினருக்கும், தன் முதல் மாத பென்ஷனைக் கொடுத்துப் பெயர் போட வேண்டாம் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும், வாரந்தோறும் முட்டைக்கோஸ் இலை அனுப்பும் பசார் காய்கறிக் கடைக்காரருக்கும், உண்டியலை உடைத்து 43 வெள்ளி தந்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் அம்மன் குறைவில்லாமல் அருள்வாள். சிங்கப்பூரில் வேலை செய்தபடி ஒவ்வொரு மாதமும் மறக்காமல் அனுப்புகிற நம் பிள்ளைகளுக்கும் மனமார்ந்த நன்றி.

ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. போன திருவிழாவில் காளைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்ட குடும்பங்களில் பாதி கொடுத்திருந்தால்கூட இந்த வேண்டுகோளுக்கு அவசியம் இருந்திருக்காது. பிறந்தநாள் விருந்துக்கு மண்டபம் எடுக்கிற ஊர் இது. அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நாள் கூலிக்குப் பால் வெட்டிய நம் தாத்தா பாட்டிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர் பிறந்த சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு, ஒரு காளைக்கு நம்மால் முடியாது என்றால் கேட்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?

வீட்டுக்கு 50 வெள்ளி என்று 171 வீடுகள் கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும். முடியாதவர்கள் பத்து வெள்ளி கொடுங்கள், அதுவும் பெரிதுதான். பணமாகத் தர முடியாத அண்ணன்மார்கள் தரை போடுகிற இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் கைகொடுக்க வாருங்கள். சாப்பாடு கோயிலில்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் அலுவலகத்தில் பொருளாளரிடம் பணத்தைக் கொடுத்து ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வரவு செலவு வாரந்தோறும் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
கோயில் மாட்டுக் கொட்டகைச் செயற்குழுவினர்
சுங்கை சிப்புட், பேராக்