மண்டபத்தின் சாவியைக் கீழ் லயத்தில் கொடுத்து வையுங்கள்

மதிப்பிற்குரிய குருவானவர் அவர்களுக்கும் ஆலயக் குழுவினருக்கும்,

கடந்த வியாழன் இரவு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். சிவப்பு மண்சரிவு எச்சரிக்கை வந்து, கிராம உத்தியோகத்தர் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான கீழ் லயத்தில் இருப்போரை உடனே வெளியேறச் சொன்னபோது, பதினொரு குடும்பங்கள் இருட்டில் படியேறி நம்முடைய மண்டபத்துக்கு வந்தன. மண்டபம் பூட்டியிருந்தது, சாவி நகரத்தில், குழு உறுப்பினர் ஒருவரின் வீட்டில் இருந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, குழு கூடித் தீர்மானிக்காமல் திறக்க இயலாது என்றும், புதிதாக டைல்ஸ் பதித்த தரை சேறாகிவிடும் என்றும் பதில் கிடைத்தது.

எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் பழைய படங்கினால் பேரப்பிள்ளையை மூடிக்கொண்டு மண்டபத்துப் படியில் அமர்ந்திருந்தார். கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் அவர் தோளில் வடிந்துகொண்டே இருந்தது. தம்முடைய செருப்பையும் பிள்ளையின் செருப்பையும் கழற்றி, படிக்குக் கீழே ஒழுங்காக வைத்திருந்தார். டைல்ஸுக்காக வீட்டுக்கு ஒரு நாள் சம்பளம் சேர்த்தபோது, அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், மட்டுமே விழுந்த வாரத்திலும் முழுத் தொகையைக் கொண்டுவந்து தந்தவர் அவர். அதை வாங்கிக் கணக்கில் பதிந்தவள் நான்.

மாரியம்மன் கோயிலார்தான் பிறகு தங்கள் மண்டபத்தைத் திறந்து, பாய் விரித்து, எல்லோருக்கும் சாயத்தண்ணி கொடுத்தார்கள். யார் எந்தச் சமயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்கு நான் மனமார நன்றி சொன்னேன். ஆனால் அடுத்த முறை ஞாயிறு பாடசாலையில் நல்ல சமாரியனைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எந்த முகத்தோடு சொல்லிக் கொடுப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் கேட்பது இது: மண்டபத்தின் ஒரு சாவியைக் கீழ் லயத்தில் ஒரு குடும்பத்திடம் கொடுத்து வையுங்கள், எச்சரிக்கை வந்தால், எச்சமயத்தவராயினும், யாரிடமும் அனுமதி கேளாமல் திறக்கலாம் என்று எழுத்தில் தாருங்கள்.

1854இல், தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்யத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிய காலத்தில் உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்து, மக்கள் இருந்த இடத்துக்கே போய்த்தான் சுவிசேஷம் சொன்னார்கள். அப்படி வளர்ந்த சபையில் இன்று கூட்டக் குறிப்புகளில் நிறைந்திருப்பது கதிரைகளும் திரைச்சீலைகளும் பண்டிகைச் செலவுமே. லயத்துக் கூரை ஒழுகுவதும், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் படும் பாடும் அங்கே பேசப்படுவதாக நான் அறியேன். கடந்த ஞாயிறு மழையினால் அல்லற்படுவோருக்காக மன்றாடினோம், நானும் ஆமென் சொன்னேன். அந்தப் பாட்டி மூன்றாவது வாங்கில் அமர்ந்திருந்தார். உண்ணவும் உடுக்கவும் இல்லாதவரிடம் ஒன்றும் கொடாமல், சமாதானத்தோடே போங்கள் என்று சொல்வதனால் என்ன பயன் என்று யாக்கோபு தம் நிருபத்தில் கேட்பதை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்!

இவ்வளவு கடுமையாக எழுதியதற்குப் பொறுத்தருளுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவினால் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. நம் கீழ் லயத்துக்கு மேலேயும் இப்போது வெடிப்பு விட்டிருக்கிறது, மழையும் ஓயவில்லை.

ஒலிபெருக்கியும் ஓகனும் களவு போகும் என்று அஞ்சினால், அவற்றைப் பின்னறையில் வைத்துத் தனியாகப் பூட்டலாம். சேறு படிந்தால் தரையைக் கழுவித் தரும் பொறுப்பை நானும் மூத்த வகுப்புப் பிள்ளைகளும் ஏற்கிறோம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் அந்தச் சாவியைக் கீழ் லயத்தாரின் கையில் கொடுக்குமாறு உங்களைத் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு பாடசாலை ஆசிரியை