தம்பி, அந்த மவுத்வாஷ் பாட்டிலைக் கீழே ஊற்றிவிடு

தம்பிக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் மழுப்பிவிட்டேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், போன் வேறு ஸ்பீக்கரில் இருந்தது. நீ பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்தது, ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது திருச்செம்பூர் முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறாள், வர ஒரு மணி நேரமாகும், அதற்குள் எழுதி முடித்துவிடப் பார்க்கிறேன்.

"அப்பா மும்பை துறைமுகத்தில், பல்லார்ட் பியரில் லக்கேஜ் ஸ்கேனர் வேலையில் இருந்தவர்தானே, நாங்கள் போகிற உல்லாசக் கப்பலுக்குள் சரக்குப் பாட்டில் கொண்டு போக வழி தெரியாமலா இருக்கும்" என்று சிரித்தாய். தெரியும்தான். எத்தனை பேர் எப்படி எப்படி மாட்டினார்கள் என்பதும் தெரியும்.

நீ ஏன் இந்த யோசனைக்குப் போனாய் என்று புரிகிறது. ராயல் கரீபியன் கம்பெனி கப்பலில், மொத்தமாகக் காசு கட்டிவிட்டுக் குடிக்கிற டிரிங்க்ஸ் பேக்கேஜ் எடுத்தால் ஒரே ரூமில் இருக்கும் குடிக்கிற வயதுக்காரர்கள் எல்லாரும் எடுத்தாக வேண்டும், மருமகள் தொடுவதே இல்லை, அவளுக்கும் சேர்த்து 5 நாளைக்கு அழுவது அநியாயம்தான். தனித்தனியாக வாங்கலாம் என்றால் 14 டாலர் காக்டெயிலுக்கு 18 சதவீத டிப்ஸைச் சேர்த்தே பில் போடுகிறார்கள், 16 டாலர் 52 சென்ட் ஆகிறது. அதற்காக 2 பெரிய மவுத்வாஷ் பாட்டிலைக் காலி செய்து, வோட்கா ஊற்றி, பச்சைக் கலர் கலந்து வைத்திருக்கிறேன் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

ஸ்கேனரில் கண்ணாடி பச்சையாகத் தெரியும், உள்ளே இருக்கும் திரவம் ஆரஞ்சாகத் தெரியும். நிறத்தை வைத்து வோட்காவா மவுத்வாஷா என்று பிரிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 5 நாள் பயணத்துக்கு ஒருத்தருக்கு எதற்கு இவ்வளவு மவுத்வாஷ் என்று திரையைப் பார்க்கிறவனுக்குத் தோன்றாதா? மூடியின் சீல் உடைந்திருக்கும், திருகி ஒரு முறை முகர்ந்தால் முடிந்தது. அந்தப் பெட்டியை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். நான் பார்த்த ஒருத்தன், உன் வயசுதான் இருக்கும், பாட்டிலை ஒரு புடவைக்குள் சுற்றி வைத்திருந்தான். அவன் அம்மாவின் புடவை, அரக்கு பார்டர் போட்ட சுங்குடி. அந்தம்மாவும் கூடவே நின்றார். நான்தான் மடிப்பு மடிப்பாகப் பிரித்தேன், கடைசி மடிப்பில் விஸ்கி வந்தது. அந்தம்மா மகனைத் திட்டவில்லை, என்னையும் பார்க்கவில்லை. புடவையை வாங்கி அங்கேயே நின்று திரும்ப மடித்தார், முனைக்கு முனை சேர்த்து, பின்னால் அவ்வளவு பெரிய வரிசை காத்திருக்கும்போது. நேற்று உன் அம்மா பேசாமல் அவரைக்காயை நறுக்கியபோது எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது.

சரி, மாட்டினால் பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டிவிடுவார்கள், காசு திரும்ப வராது, கப்பலில் ஏற்றாமல் விடுவதற்கும் அவர்கள் விதியில் இடம் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, மாட்டாமல் போனால்தான். அந்தப் பாட்டில் பிறகு எங்கே இருக்கும்? ரூமின் குட்டி பாத்ரூமில், வாஷ்பேசின் பக்கத்தில், பாப்பாவின் டூத்பிரஷ் இருக்கிற இடத்தில்.

உன் சின்ன அத்தை கதை உனக்கு முழுசாகத் தெரியாது. நாங்கள் தாராவியில் இருந்தபோது, அவளுக்கு மூணு வயசு, எனக்குப் பத்து. ரேஷனில் வாங்கிய சீமெண்ணெயை, இங்கே காஸ்லேட் என்பார்களே, கேன் ஒழுகுகிறது என்று எங்கள் அப்பா ஒரு சோடா பாட்டிலில் ஊற்றி அடுப்பு மேடைக்குக் கீழே வைத்தார். ஒரு நாள்தான், சாயங்காலம் புது கேன் வாங்கிவிடலாம் என்று. மத்தியானம் வெயிலில் விளையாடிவிட்டு வந்தவள் சோடா என்று நினைத்துக் குடித்துவிட்டாள். ரெண்டு மடக்குதான் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து நல்ல மனசோடு தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தார், ஆஸ்பத்திரியில் டாக்டர் அதற்குத்தான் கத்தினார். சீமெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கவே கூடாதாம், வெளியே வரும்போது நுரையீரலுக்குள் போய்விடுமாம். அப்படியேதான் ஆனது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் ஒரு மாதம் அவள் நெஞ்சு கரகரவென்று சத்தம் போடும், ராத்திரி நான் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பேன். எங்கள் அப்பா அதற்குப் பிறகு சாகிற வரை ஒரு பொருளை வேறு பாட்டிலில் ஊற்றியதில்லை, தேங்காய் எண்ணெயைக்கூட.

சாராயம் சின்னப் பிள்ளைகள் உடம்பில் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், வலிப்பு வரை போகும். வோட்காவில் 40 சதவீதம். பாப்பாவுக்கு நாலு வயசு, நீ வாய் கொப்பளிப்பதைப் பார்த்துத் தானும் செய்வாள், இப்போதே உன் ஷேவிங் கிரீமை எடுத்துக் கன்னத்தில் தடவுகிறாளே. நடுக்கடலில் கப்பல் டாக்டர்தான் இருப்பார்.

நீ குடிப்பது எனக்குப் பிரச்சினையே இல்லை, அது உனக்கும் தெரியும். ஊருக்கு வரும்போதெல்லாம் கஸ்டம்ஸ் விடுகிற 2 லிட்டருக்குள் எனக்கு வாங்கி வருகிறாய், ஹாலில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பெக் போடுகிறோம், அம்மா முணுமுணுத்துக்கொண்டே அப்பளம் பொரித்து வைக்கிறாள். மகாராஷ்டிராவில் குடிக்கவே பர்மிட் வேண்டும் என்று 1000 ரூபாய் கட்டி ஆயுள் பர்மிட் எடுத்து வைத்திருக்கிறவன் நான்.

முறையாகவே வழி இருக்கிறது, ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அந்தக் கப்பலில் ஏறும் நாளில் மட்டும், 21 வயதான ஒவ்வொருத்தரும் 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெயின் ஒரு பாட்டில் கொண்டு போகலாம். சீல் உடையாமல், கைப்பையில். பீரும் விஸ்கியும் வோட்காவும் கூடாது. மருமகள் குடிக்காவிட்டாலும் அவள் கணக்கிலும் ஒரு பாட்டில் உண்டு. 150 மில்லியாக ஊற்றினால் ஒரு பாட்டிலுக்கு 5 கிளாஸ், ரெண்டு பாட்டிலுக்கு 10, உனக்கு 5 ராத்திரிக்கு ரெண்டு ரெண்டாகச் சரியாக வருகிறது. ரூமில் குடித்தால் தனிக்காசு இல்லை, சாப்பாட்டு ஹாலுக்கு எடுத்துப் போனால்தான் பாட்டிலைத் திறந்து ஊற்ற 15 டாலர் கேட்பார்கள். ஒயின் உனக்குப் பிடிக்காது என்பாய், 5 நாள்தானே. நடுவில் ஒரு நாள் ஆசைப்பட்டால் பாரில் காசு கொடுத்து ஒரு காக்டெயில் குடி, எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை. கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும், டிஸ்னி கப்பலில் ஒருத்தருக்கு 6 பீர் வரை விடுகிறார்கள், அதனால் யாரோ சொன்னதைக் கேட்டுப் பெட்டி கட்டாதே.

வழியில் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் இறங்கி டெக்கீலா சரக்கு வாங்கினால் திரும்ப ஏறும்போதே எடுத்துக் காட்டிவிடு. வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில் கொடுப்பார்கள். கால்வெஸ்டனில் இறங்கும்போது டெக்சாஸ் மாநிலத்துக்காரர்களும் அதற்கு வரி கேட்பார்கள், கட்டிவிடு. அப்புறம், கடல் ஆடும்போது வாந்தி மாத்திரை போட்டால் அன்றைக்குக் குடிக்காதே, ரெண்டும் சேர்ந்தால் ஆளைத் தூக்கிப் போடும், பால்கனி ரூம் வேறு எடுத்திருக்கிறாய்.

இன்றைக்கு ராத்திரி பாப்பா தூங்கினதும் அந்த ரெண்டு பாட்டிலையும் சிங்க்கில் ஊற்றிவிடு. பாட்டிலைக் கழுவி வைக்காதே, நசுக்கி வெளிக் குப்பையில் போடு. போட்டுவிட்டு ஒரு போன் பண்ணு, எந்நேரமானாலும் சரி, அம்மாவிடமே சொல்.

அப்பா