அத்தைக்கு ஒரு கடுதாசி போடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

நேற்று கீழத்தெரு அத்தை பேங்க் சீட்டோடு வந்தார். “இதக் கொஞ்சம் எழுதிக் குடு டீச்சரு.” எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவளே நான்தானே.

1991-ல் நம் புதுக்கோட்டையில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தபோது நான் பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். கோயில் வாசல், தெருவிளக்கு வெளிச்சம், இருபது பெண்கள். அத்தை குவாரியில் கல் உடைத்துவிட்டு நேரே வருவார். பென்சிலை உளி மாதிரிதான் பிடிப்பார். முதல் பாடம் ‘பட்டா, படி’. பட்டாவை எழுத்துக்கூட்டி முடித்ததும், “இந்த மூணு எழுத்துக்கா எங்க மாமனாரு தாலுகா ஆபீசுக்கு அந்த அலை அலைஞ்சாரு?” என்றார். கோயில் வாசலே சிரித்தது. அப்புறம் அதே இயக்கத்தில் அந்தப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதெல்லாம் உனக்கே தெரியும்.

1992-ல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். வகுப்பும் மெல்ல நின்றுபோனது. படிக்க அத்தைக்கு வீட்டில் என்ன இருந்தது? முதலில் கொம்பும் காலும் குழம்பின. பிறகு எழுத்துகளே போயின. பஸ் போர்டைக்கூட இப்போது படிப்பதில்லை, எழுத்தின் சாயலை வைத்துத்தான் ஏறுகிறார்.

ஆனால் அரசாங்கக் கணக்கில் அவர் படித்தவர். சென்சஸில் யாரும் தாளை நீட்டிப் படிக்கச் சொல்வதில்லை. “எழுதப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்பார்கள், மருமகள் “தெரியும்” என்பாள், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்ற பெண்கள் 1991-ல் 51 சதவீதம், 2011-ல் 73. சந்தோஷம்தான். ஆனால் அந்த ஏற்றத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளின் பங்கு இருக்கிறது, படிக்காத கிழவிகள் செத்துப்போனதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. அத்தை மாதிரி நடுவில் மறந்தவர்கள் எந்தக் கட்டத்திலும் இல்லை.

சீட்டை நான் எழுதவில்லை. பேனாவை அவர் கையில் கொடுத்தேன். பேரை எழுதக் கால் மணி நேரம் ஆனது. ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, அதையும் அவரே கண்டுபிடித்து வைத்தார். உளிப் பிடி மட்டும் மாறவேயில்லை.

நீ அவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதை நிறுத்து. ஒரு கடுதாசி போடு. நாலு வரி போதும், எழுத்து பெரிசாக இருக்கட்டும். வந்தால் நான் படித்துக் காட்ட மாட்டேன்.

அம்மா