கோலைக் கொடுத்தவரும் வாங்கியவரும்

இத்தாலிய நாடாளுமன்றத்தின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

பிள்ளைகளின் குடியுரிமை பற்றி மகளைக் கொண்டு உங்கள் மொழியில் இரண்டு கடிதம் எழுதிப் போட்டேன். பதிலில்லை. இதைத் தமிழில் எழுதுகிறேன், பலெர்மோவில் இருக்கிற எங்கள் சனமாவது வாசிக்கட்டும்.

போன கிழமை பதினெட்டு வயதுக்குட்பட்டோர் தேசிய அணிப் பட்டியல் வந்தது. 200 மீற்றரில் என் மகளுக்குப் பின்னால் வந்த பிள்ளையின் பெயர் இருந்தது. மகளின் பெயர் இல்லை. அவள் பிறந்தது இங்கே, கடவுச்சீட்டு இலங்கை. வீட்டு வேலை செய்து நான் உழைக்கிற காசு, சட்டம் கேட்கிற மூன்று வருட வருமானக் கணக்கை எட்டவில்லை. அதனால் எனக்கும் குடியுரிமை இல்லை, என்னூடாக அவளுக்கும் இல்லை. "டெசாலுவும் இப்பிடித்தானே அப்பா" என்றாள்.

உங்கள் ஓட்டவீரர் எசெயோசா டெசாலுவை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2021 ஓகஸ்ட் 6, டோக்கியோ ஒலிம்பிக், 4×100 அஞ்சலோட்டம். 37.50 செக்கன், நூறில் ஒரு செக்கன் வித்தியாசத்தில் இத்தாலிக்குத் தங்கம். அதில் அணித்தோழர் ஜேக்கப்ஸ் டெசாலுவிடம் கோலைக் கொடுக்கும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். கொடுத்தவர் டெக்சாஸின் எல் பாசோவில் பிறந்தவர். தாய் இத்தாலியர், ஆகவே பிறந்த அன்றே இத்தாலியர். வாங்கியவர் இங்கே, இத்தாலியின் ‘போ’ ஆற்றங்கரையில் கசல்மஜோரேயில் பிறந்தவர். பெற்றோர் நைஜீரியர்கள், ஆகவே பதினெட்டு வயது வரைக்கும் அந்நியர். ஜேக்கப்ஸில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை உங்கள் 1992ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில்.

ஓடுகிறவர்களுக்குப் பதினாறும் பதினேழும் திரும்பி வராத வயது. வெளிநாட்டு மைதானத்தில், முன்பின் தெரியாத ஏழு பேரோடு குந்தியிருந்து, வெடிச்சத்தத்துக்குக் காத்திருந்து பழகுவது அப்போதுதான். டெசாலு அந்த வயதில் இத்தாலிய அணியின் நீலச் சட்டையைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்பார். முதியவர்களைப் பராமரித்து அவரை வளர்த்த தாய் செய்தது எங்கள் பெண்கள் பலர் செய்கிற அதே வேலை. பதினெட்டு முடிந்து, விண்ணப்பித்து, 2012இல் இத்தாலியரானார். 2018இல் பெர்லினில் 200 மீற்றரை 20.13இல் ஓடியபோது, இத்தாலியர்களில் மென்னேயா ஒருவர்தான் அவரைவிட வேகமாக ஓடியிருந்தார். இழந்த வருடங்களும் சேர்ந்திருந்தால் என்ன ஓடியிருப்பாரோ.

2016இல் ஒரு சலுகை தந்தீர்கள். பத்து வயதுக்கு முன்பே இங்கே வசிக்கிற பிள்ளைகள் விளையாட்டுக் கழகத்தில் இத்தாலியரைப் போலவே பதிந்து ஓடலாம். நன்றி. தேசிய அணி மட்டும் ஆகாது. வியர்வை உங்களுடையது, வெற்றி எங்களுடையது என்று நேராகவே சொல்லியிருக்கலாம்.

இங்கே பிறந்து இங்கே படிக்கிற பிள்ளைக்குப் பதினெட்டுக்கு முன்பே குடியுரிமை வேண்டும். கேட்பது இவ்வளவுதான். அப்படியொரு சட்டமூலம் 2015இல் கீழவையில் நிறைவேறியது. 2017 டிசம்பர் 23, மேலவையில் போதிய உறுப்பினர்கள் வராமல் செத்துப்போனது. நத்தாருக்கு ஊர் போகிற அவசரம் எல்லோருக்கும் இருக்கும்தான். டெசாலு தங்கம் வென்ற அன்று மட்டும் ஒருவரும் ஊருக்குப் போகவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் திரும்பக் கேட்கிறேன்: பதினெட்டுக்கு முன்பே கொடுங்கள். ஓடுகிற பிள்ளைக்கு மட்டுமல்ல, ஓடத் தெரியாத பிள்ளைக்கும்.

மகளுக்குப் பதினெட்டாக இன்னும் ஒரு வருடமும் நாலு மாதமும் இருக்கிறது. அதற்குள் ஒரு பதில் போட்டால் உதவியாக இருக்கும். இத்தாலிய மொழியிலேயே போடலாம், அவள் வாசித்துச் சொல்லுவாள்.

இப்படிக்கு,
பலெர்மோவிலிருந்து ஒரு தகப்பன்